பின்னால் வருகிறவனுக்கு யார் கை காட்டுவது?

1

என் மகள் சமீராவுக்குப் பதினைந்தரை வயது. இந்த நாட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அந்த வயது போதும். போன திங்கட்கிழமை பள்ளியிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில், குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவளே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள், நான் தேட வேண்டியதில்லை என்று.

"ஜஸ்ட் சைன் இட், மாம்."

நாளைக்குப் போடுகிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் என் கணவர் இஸ்மாயில் கேட்டுவிட்டார்: "ஊரான் புள்ளைங்கள எல்லாம் பனியில ஏத்திட்டுப் போற. உன் புள்ள வண்டியத் தொடறதுன்னா மட்டும் கை நடுங்குதா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கனடாவில், வின்னிபெக் நகரத்தில், ஐந்து வருடமாக நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் இருட்டோடு எழுந்து, எஞ்சின் உறையாமல் இருக்க இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி வைத்த வண்டியைக் கிளப்பி, நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். இதுவரை வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

இங்குள்ள பனியையும் குளிரையும் பற்றி இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு நிறைய எழுதியிருக்கிறேன். தாம்பரத்துக்காரி பஸ் ஓட்டுகிறாள் என்று நீங்களும் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் 2006 நவம்பரில் ஊருக்கு வந்தபோது மேடவாக்கத்தில் நடந்ததை எழுதியதில்லை. அதை எழுதாமல் இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

2

மேற்குத் தாம்பரத்தில் இருந்த காலத்தில் எனக்கு ஒரு ஸ்கூட்டிதான். இஸ்மாயில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்தார், நான் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் பில் போட்டுக்கொண்டிருந்தேன். 2001இல் இங்கே வந்தோம். அவருக்கு வெல்டிங் வேலை உடனே கிடைத்தது. என்னை யாரும் பில் போடக் கூப்பிடவில்லை. இரண்டு குளிர்காலம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, 'பஸ் ஓட்டக் கற்றுத் தருகிறோம், வேலையும் தருகிறோம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, அந்த வாசலில் போய் நின்றேன்.

முதலில் என் பெயரை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டி லைசென்ஸில் நான் எம். பரீதா. பாஸ்போர்ட்டில் பரீதா பேகம் முஸ்தபா. "இந்த 'எம்' யார்?" என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். அது என் அத்தா, அப்பா பெயரின் முதல் எழுத்து என்றேன். "அப்படியானால் உன் குடும்பப் பெயர் எங்கே?" என்றாள். இரண்டும் ஒரே ஆள் என்று ஒத்துக்கொள்ள ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு பயிற்சி. முன்னால் ஒரு சைக்கிள் தடுமாறினால் என்ன செய்வாய் என்று பயிற்சியாளர் கேட்டார். நம் ஊர் நினைப்பில், ஆங்கிலத்தில், "ஹாரனைப் போட்டு அடிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். சைக்கிளையே அடிப்பேன் என்று அவர் காதில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், "அடிக்காதே. வேகத்தைக் குறை, இடம் விடு" என்றார். அன்று முதல் நான் ஹாரனைத் தொடுவதே அபூர்வம்.

இங்கே பள்ளிக்கூட பஸ் நின்றால் அதன் பக்கவாட்டில் 'நில்' என்று எழுதிய சிவப்புப் பலகை கதவு போல வெளியே நீளும். சிவப்பு விளக்குகள் மினுக்கும். முன்னாலும் பின்னாலும் வருகிற அத்தனை வண்டியும் நின்றாக வேண்டும், அதுதான் சட்டம். எல்லாம் நின்றபின் நான் கையைத் தூக்கி "வா" என்று காட்டுவேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடக்கும். ஒரு நாளைக்கு முப்பது தடவை இதைச் செய்வேன். இரண்டு வருடத்தில் அது என் கைக்கே பழகிவிட்டது. நான் கையைத் தூக்கினால் உலகம் நிற்கும் என்று என் கை நம்ப ஆரம்பித்துவிட்டது.

3

2006 நவம்பரில் அத்தாவுக்குக் கண் ஆபரேஷன். பதினெட்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு சமீராவோடு வந்தேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஜாஃபர் அண்ணனால் கடையை விட்டு நகர முடியாது. அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஆட்டோவில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நான் கனடாவுல பஸ்ஸே ஓட்டறேன், உங்க மாருதிய ஓட்ட மாட்டேனா?" என்றேன். வெளிநாட்டில் செல்லுகிற லைசென்ஸ் புத்தகமும் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

அண்ணன் சந்தேகத்தோடுதான் சாவியைக் கொடுத்தார். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து கியர் பழக்கினார். இங்கே கனடாவில் எல்லாமே கியர் போடத் தேவையில்லாத வண்டிகள், அதோடு ரோட்டின் மறுபக்கம். கேம்ப் ரோடு சந்திப்பில் திரும்புவதற்கு இண்டிகேட்டர் என்று நினைத்துத் தட்டுவேன், வைப்பர் ஓடும். பின்னால் இருந்த ஷேர் ஆட்டோக்காரர், "மழையே வரலயே மேடம்!" என்று கத்திவிட்டுப் போனார்.

மழை அடுத்த நாளே வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. வேளச்சேரி ரோட்டில் செம்பாக்கம் வரை தண்ணீர் தேங்கியிருந்தது, குழி எது ரோடு எது என்று தெரியவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு அத்தாவுக்குக் கட்டுப் பிரிக்கிற நாள். அத்தா பின்சீட்டில், ஒரு கண்ணில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக. சமீரா என் இடது பக்கத்தில்.

4

சந்தோஷபுரம் தாண்டி மேடவாக்கம் நெருங்கும் இடம். இரண்டு பக்கமும் புது அடுக்குமாடிகள், தண்ணீர் லாரிகள், ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி வேலைக்குப் பறக்கிற மோட்டார் சைக்கிள்கள். இடது ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு அடி வைப்பாள், லாரி வரும், பின்வாங்குவாள். மறுபடி ஒரு அடி. நான் தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நிறுத்தினேன்.

பின்னால் உடனே ஹாரன்கள் கிளம்பின. நான் சட்டை செய்யவில்லை. கையைத் தூக்கி, "வா" என்று காட்டினேன். ஆவி படியாமல் இருக்க சமீரா பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அந்தப் பெண் நம்ப முடியாதவள் போலப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் காருக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

காரின் வலது மூலையைத் தாண்டி அவள் ஒரு அடி எடுத்து வைத்ததும் என் கதவை உரசுகிற மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள் போனது. நின்றுபோன காரைச் சுற்றிக்கொண்டு வந்தவன். அவளை என் கார் மறைத்திருந்தது. அவன் பிரேக் பிடித்தான். ஈர ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டே போய் அவள் காலில் மோதியது. இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

"என்னம்மா சத்தம்? யாருக்கு என்ன ஆச்சு?" என்று அத்தா பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இறங்கி ஓடினேன்.

அவள் பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது. பக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்கிறவள். வலது முழங்காலுக்குக் கீழே கால் திரும்பிக் கிடந்தது. அவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளை இறுக்கிப் பிடித்தாள். மோட்டார் சைக்கிளில் வந்தவன் கார்த்திக், இருபத்துநாலு வயது, கழுத்தில் கம்பெனி அட்டை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"நடு ரோட்ல ஏன் மேடம் நிறுத்துனீங்க? எனக்கு எப்படித் தெரியும்?"

நின்றது தப்பா, நீ ஏன் முந்தினாய் என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் ஓர் ஆட்டோக்காரர், செல்வியைத் தூக்கக் குனிந்தவர், என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இன்னாம்மா நீ? இத்தப் பாத்து வா வான்னு கைய காட்டிக்கினு கீற. பின்னால வர்றவனுக்கு யாரும்மா கை காட்டறது?"

 அந்தக் கேள்வியை இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன்.  என் பஸ்ஸில் பின்னால் வருகிறவனுக்குச் சிவப்பு விளக்கு காட்டும், பலகை காட்டும், சட்டம் காட்டும். அண்ணனுடைய மாருதிக்குப் பின்னால் எதுவும் இல்லை. நான் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

5

செல்வியை அந்த ஆட்டோவிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அத்தாவையும் சமீராவையும் வைத்துக்கொண்டு நான் காரில் பின்னாலேயே போனேன். இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. அன்று மதியம் அண்ணன் கடையை மூடிவிட்டு வந்தார். வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"போலீஸ் அந்தப் பையன் மேல கேஸ் போட்டிருக்காங்க. உன் வண்டி யார் மேலயும் படல. நீ சும்மா நின்னுட்டிருந்த, அவ்ளோதான். வாயத் தொறக்காத. பத்து நாள்ல உனக்கு ஃபிளைட்டு. வாக்குமூலம், கோர்ட்டுன்னு இழுத்துட்டா அங்க உன் வேலை போயிடும்."

அவர் சொன்னது எல்லாம் உண்மை. பஸ் ஓட்டுகிறவர்கள் மீது எந்த நாட்டில் போலீஸ் குறிப்பு இருந்தாலும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வேலைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராத்திரி தொழுகை விரிப்பில் உட்கார்ந்து யோசித்தேன். செல்வி என்னை நம்பித்தான் நடந்தாள். இப்போது அந்தப் பையன் ஒருவன் மட்டும் குற்றவாளி.

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போனேன். அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். அங்கே கார்த்திக் கையில் கட்டோடு, அவன் அம்மாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் இன்ஸ்பெக்டரிடம், சிக்னல் எதுவும் காட்டாமல் நான் திடீரென்று நிறுத்தினேன், நான்தான் அந்தம்மாவைக் கை காட்டிக் கூப்பிட்டேன், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டார். "கை காட்டுனதுக்கு எந்த செக்ஷன்ல போடறதும்மா?"

"அது எனக்குத் தெரியாது சார். நடந்தது இதுதான்."

வாக்குமூலம் எழுதுகிற ரைட்டர் என் வெளிநாட்டு லைசென்ஸ் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி, "இன்னாமா இது, பேங்க் பாஸ்புக்கா?" என்று கேட்டார். கார்த்திக்கின் அம்மா அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார். கடைசியில் சாட்சி வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வின்னிபெக்கில் என் கம்பெனிக்கும் அன்றே நானே மின்னஞ்சல் அனுப்பினேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சமீரா வர மாட்டேன் என்றுவிட்டாள். செல்வி கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். 

"தெனம் அங்க நிப்பேன். ஒருத்தனும் நிக்க மாட்டான். நீ நின்ன. நின்னது தப்பு இல்லம்மா."

"நான் கூப்பிட்டிருக்கக் கூடாது."

"ஆமா, கூப்டாத. நில்லு, போதும். நான் பாத்துக்கினு வருவேன். நீ கூப்ட்டா நான் உன் மூஞ்சியதான் பாப்பேன், வண்டி வர்றத எங்க பாக்கறது?"

பஸ் கம்பெனியில் எனக்குக் கொடுத்த பயிற்சிப் புத்தகம் நூற்றெண்பது பக்கம். அதில் இந்த ஒரு வரி இல்லை.

6

அண்ணன் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் கேட்டேன். கொடுக்கவில்லை. மறுபடி கேட்டேன். "இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா?" என்றார்.

"இப்ப விட்டா நான் அங்க போயும் ஸ்டியரிங்கத் தொட மாட்டேண்ணா. அத்தாவுக்கு இன்னும் நாலு தடவ போகணும். நான்தான் ஓட்டுவேன்."

அந்த நாலு தடவையும் மழைதான். முதல் நாள் வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச்சிலிருந்து கால் இரண்டு முறை நழுவி வண்டி நின்றுபோனது. அத்தா பின்னாலிருந்து, "மெதுவாப் போம்மா, எனக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றார். மெதுவாகப் போனேன், ஆனால் இந்த முறை கண்ணை வேறு மாதிரி வைத்திருந்தேன். முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, இரண்டு பக்கமும் ஒரு முறை. தேங்கிய தண்ணீரில் ஓரமாகப் போகக் கூடாது, சாக்கடை எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாது. மாநகரப் பேருந்து எந்தத் தடத்தில் போகிறதோ அதே தடத்தில், நன்றாக இடைவெளி விட்டு, முதல் கியரில். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி உலர்த்த வேண்டும். யாராவது கடக்க நின்றால் தூரத்திலேயே பிரேக் விளக்கு மினுங்கும்படி விட்டு விட்டு அழுத்துவேன். மழை நனைத்தாலும் பரவாயில்லை என்று வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மேலும் கீழும் ஆட்டுவேன். அந்தக் கை பின்னால் வருகிறவனுக்கு. நடக்கிறவர்களுக்கு நான் நிற்பேன், அவ்வளவுதான். அவர்கள் பார்ப்பார்கள், அவர்களே வருவார்கள். சிலர் வராமலே நிற்பார்கள். அது அவர்கள் முடிவு என்று கிளம்பிவிடுவேன்.

வின்னிபெக் திரும்பியதும் கம்பெனி என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. இரண்டு வாரம் வண்டி தரவில்லை. பிறகு தந்தார்கள். முதல் நாளே என் பிள்ளைகளுக்குப் புதுப் பாடம் சொன்னேன். என் கையைப் பார்த்து வராதீர்கள், பஸ்ஸின் மூலையில் நில்லுங்கள், தலையை நீட்டி நீங்களே இரண்டு பக்கமும் பாருங்கள், அப்புறம் வாருங்கள். புத்தகத்தில் அப்படி இல்லையே என்று மேற்பார்வையாளர் ஆட்சேபித்தார். புத்தகத்தில் இருப்பதையும் செய்கிறேன், இதையும் செய்கிறேன் என்றேன். ஆறு மாதம் வாதாடினோம். விடாமல் செய்தேன். போன குளிர்காலத்தில், காற்றில் பனி பறந்து எதிரே ஒன்றும் தெரியாத ஒரு காலையில், சிவப்பு விளக்கை மதிக்காமல் ஒரு வேன் என் பஸ்ஸைத் தாண்டிப் போனது. ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூலையில் நின்று தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் போனதும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து ஏறினாள். மேற்பார்வையாளர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

வீட்டுக்குள் வேறு ஒன்று நடந்தது. ஊரிலிருந்து திரும்பிய சமீரா தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் ஆங்கிலத்தில் பதில். இங்கே எல்லார் வீட்டிலும் இதுதான், பிள்ளைகள் அந்த வயதில் கைநழுவுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு மேலாக அப்படித்தான் நினைத்தேன்.

7

நான்காம் நாள், வியாழக்கிழமை மாலை, சமீரா படிவத்தை என் கைக்குக் கீழே தள்ளினாள். இதற்குக் காரணம் மேடவாக்கம்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. அப்படியானால் உனக்குத் தெரியும், அந்த ஆன்ட்டியைக் கூப்பிட்டது நான்தான் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் கையெழுத்துப் போட மறுக்கிறாய் என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னாள். நான் கையைத் தூக்கியபோது அவள் பாதி இறங்கிய கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, "வாங்க ஆன்ட்டி, வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். ஊருக்கு வந்த பிறகு தெரியாத ஒருவரிடம் தைரியமாகப் பேசிய முதல் தமிழ் அதுதானாம். செல்வி அன்று சிரித்தது என்னைப் பார்த்து இல்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் இந்தப் பிள்ளை இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கனடா என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

 செல்வியின் நம்பர் என்னிடம் இருந்தது. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்வோம். கால் சேர்ந்துவிட்டது, லேசாக விந்தி நடக்கிறாள், பழைய வீடுகளிலேயே வேலை செய்கிறாள். கார்த்திக்கின் வழக்கும் லேசாக முடிந்துவிட்டது. எங்களுக்கு மாலை ஏழு, அங்கே விடிந்து வேலைக்குக் கிளம்புகிற நேரம். போட்டேன். சமீரா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு, முன்சீட்ல குந்திகினு இருந்த பாப்பாவா?" என்றாள் செல்வி. "ஏ பாப்பா, கேக்குதா? நீ கூப்ட்டியேன்னா வந்தேன்? எதிர்ப்பக்கம் என் பஸ்ஸு வந்துகினு இருந்துச்சு. அத்தப் புடிக்க ஓடுனேன். நீ கூப்டலன்னாலும் ஓடியிருப்பேன்."

உண்மையாக இருக்கலாம். பிள்ளைக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.

சமீரா போனுக்குக் கிட்டே வந்தாள். பிறகு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுப்பவள் போல, "கால்... வலிக்குதா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"மழ வந்தா வலிக்கும். வெயில்ல நல்லா கீது. நீ இன்னா படிக்கற?"

இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள். பாதி ஆங்கிலம், பாதி மெட்ராஸ் பாஷை. ஒருத்தி சொன்னது மற்றவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டேன், பெருக்கல் குறியின் மேலேயே.

இன்று சனிக்கிழமை. காலையில் ஐஸ் ஹாக்கி மைதானத்துக்குப் பக்கத்தில், வண்டி எதுவும் இல்லாத நிறுத்துமிடத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். ஆள் நடமாட்டம் இல்லை, கீழே பனி கண்ணாடியாக உறைந்திருந்தது. வெயிலில் நல்ல ரோட்டில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், முதலில் வழுக்குவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள் என்று சாவியைக் கொடுத்தேன். இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதித்தாள். கார் சொன்ன பேச்சைக் கேட்காமல் அரை வட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி," என்றாள்.